கழுத்துக்குக் கீழே

மேனாம்பேடு
16.6.2025

தங்கச்சி கமலத்துக்கு அக்கா எல்லம்மா எழுதறது.

இந்த ஊட்ல எல்லாரும் சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டுகினு நல்லாத்தான் கீறோம். என் முட்டி மட்டும் மாடிப்படியப் பார்த்தா மொனகுது. உன் காது, உன் சர்க்கரை, பாபு, மருமக, பேரப்பிள்ளை எல்லாரப் பத்தியும் ஒண்ணொண்ணா எழுது. "சௌக்கியம்"னு ஒரே வார்த்தையில தப்பிச்சிக்காத.

ஒரு சேதி. நான் வகுப்புல சேர்ந்துட்டேன். சிரிச்சு முடிச்சிட்டு மேல படி.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு கட்டடத்துல பெரியவங்களுக்குன்னு சனி ஞாயிறு சாயங்காலம் வகுப்பு நடத்தறாங்க. படம் வரையறது, டிசைன் போடறது, போட்டோ பிடிக்கறது. நான் போட்டோவுல சேர்ந்தேன். அஞ்சு மாசம். கடைசியில கண்காட்சி வெச்சு சர்ட்டிபிகேட் தருவாங்க. பாரத்துல 'கல்வித் தகுதி'ங்கற இடத்துல 'ஐந்தாம் வகுப்பு'ன்னு முத்து முத்தா எழுதிக் குடுத்தேன். ஆபீஸ்ல இருந்த பையன் பாரத்தப் பார்த்தான், என்னப் பார்த்தான்.

"பாட்டி, பேரனுக்கா?"

"எனக்கு."

"இல்ல பாட்டி, இது கொஞ்சம்..."

"வெளிய போர்டுல இன்னா எழுதி வெச்சிருக்கீங்க? பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எவரும்னு தான? எனக்குப் பதினெட்டு முடிஞ்சு நாப்பத்தொம்போது வருசம் ஆவுது. இன்னும் எத்தினி வருசம் மேல ஏறிகினு வரணும், சொல்லு."

ரசீது போட்டுட்டான்.

உன் அக்கா பையன் ரவிச்சந்திரன் தான் குதிச்சான். "யம்மா, ஊர்ல இன்னா சொல்வாங்க?" "போட்டோ எடுக்கறான்னு சொல்வாங்க. திருடறான்னா சொல்லப் போறாங்க?" அத்தோட அவன் டிவி பார்க்கப் போயிட்டான்.

டீச்சர் பேரு எழிலரசி. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். முதல் வாரம் கேமராவே கையில தரல. "ஊட்ல தினமும் பார்க்கற ஒரு பொருளை வெறும் கண்ணால ஒரு வாரம் பாருங்க. இதுவரைக்கும் பார்க்காத ஒண்ணக் கண்டுபிடிச்சிகினு வாங்க"ன்னுச்சு. நான் சாமி ரூம்ல இருக்கற அம்மா படத்தப் பார்த்தேன்.

கமலம், அது அம்மா மூஞ்சி தான். கையப் பாரு. அம்மாவுக்கு முழங்கை வரைக்கும் பச்சை குத்தியிருக்கும் இல்ல? தேளு, கோலம், அப்பா பேரு. படத்துல கை வழவழன்னு கீது. ரெண்டு கையிலயும் தங்க வளையல். பச்சைப் பட்டு. அம்மா எப்ப பட்டு கட்டினா? அம்மா செத்தப்ப நம்ம கையில இருந்தது ஓட்டு கார்டுல ஒட்டின தபால்தலை அளவு மூஞ்சி தான். அத ஸ்டுடியோவுல குடுத்தோம். மறுநாள் பெரிய படம் வந்துச்சு, பொட்டு வெச்சு மாலை போட்டோம். பதினெட்டு வருசமா யாரோ ஒருத்தி உடம்புக்குக் கற்பூரம் காட்டிகினு இருக்கேன். அன்னிக்குத் தான் பார்த்தேன்.

அம்மாவுக்குப் போனது போச்சு. உனக்கும் எனக்கும் அப்படி ஆவக் கூடாது. நம்ம மூஞ்சி நம்ம உடம்பு மேல இருக்கற மாதிரி ஆளுக்கு ஒரு படம், என் கையால நானே எடுக்கணும். அதுக்குத் தான் கத்துக்கறேன். எவன் தடுத்தாலும் இத விடறதா இல்ல.

பசங்களக் கேட்டதா சொல்லு.

உன் அக்கா
எல்லம்மா


ஆண்டர்சன்பேட்டை, கே.ஜி.எஃப்.
2.7.2025

அக்காவுக்குக் கமலம் எழுதறது.

உன் கடுதாசி வந்தன்னிக்கு நான் சிரிச்ச சத்தம் எனக்கே கேட்டுச்சுன்னு நெனைக்கறேன். பாபு "வீடியோவுல பெரீம்மாவக் காட்டறேன் வா"ன்னான். காட்டி இன்னா பண்றது? உன் வாய் ஆடறது தெரியும், சத்தம் வராது. செவிடாகி ஏழு வருசம் ஆச்சு. போன்ல எழுதுன்னா, போன் மருமக கையில இருக்குது. நம்ம பேச்சு நம்மகிட்டயே இருக்கட்டும். எனக்குத் தபால்காரனே போதும்.

நீ சொன்னப்புறம் இங்க இருக்கற அம்மா படத்தையும் கழட்டிப் பார்த்தேன். அதே படம் தான, உன்கிட்ட இருந்து காப்பி எடுத்தது. நாற்காலியில மகாராணியாட்டம் உக்காந்திருக்கா. அம்மா நாற்காலியில உக்காந்து நான் பார்த்ததே இல்ல அக்கா. இடுப்புல ஒரு கைய வெச்சிகினு நின்னுகினே தான சாப்பிடுவா? இவ எந்த ஊட்டு மகாராணியோ, நம்ம ஊட்டுப் படையலையெல்லாம் தின்னுட்டா.

நீ எடு. என்ன எப்ப எடுப்ப? நான் கறுப்பு. இருட்டா விழாம எடுக்கக் கத்துக்கோ.

உடம்புக்கு ஒண்ணும் இல்ல. கொஞ்சம் அசதி. இங்க வெயில் ஜாஸ்தி, அதான். பாபு ஆஸ்பத்திரிக்கு வா வான்னு நச்சரிக்கறான். ரவிகிட்ட சண்டை போட்டு தெம்ப வீணாக்காத, முட்டிக்குத் தைலம் தேய்.

கமலம்


மேனாம்பேடு
21.7.2025

கமலத்துக்கு,

முட்டி பரவாயில்ல, தைலம் தேய்க்கறேன். உன் அசதி போச்சா? மோர் குடி. இங்க ஆடி மாசம், மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தற சத்தத்துல ரெண்டு நாளா நானும் உன்ன மாதிரி செவிடு தான்.

இப்ப நான் எழுதறத உக்காந்து படி.

கேமரா குடுத்துட்டாங்க. கையெழுத்துப் போட்டு எடுத்துகினு வந்து, அடுத்த வாரம் திருப்பிக் குடுக்கணும். இந்த வாரப் பாடம் இன்னான்னா, ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வர்ற எதையாவது பிடிச்சிகினு வரணும். டிசைன் படிக்கறவங்களுக்கும் எங்களுக்கும் சேர்த்து அந்தப் பாடம். எங்க வகுப்புல உதயகுமார்னு ஒரு பையன். திருநெல்வேலிக்காரன், ஐ.டி. வேலை, நம்ம ஏரிப் பக்கம் புது பிளாட்ல இருக்கறான். அவன் அவன் பிளாட் ஜன்னலையே நாப்பது பிடிச்சிகினு வந்தான். இன்னொருத்தர் பாடி மேம்பாலத்துக் கீழ நிக்கற லாரி டயருங்க.

நான் கோலம் எடுக்கலாம்னு தெருவுல இறங்கினேன். எதிர் ஊட்டு தசரதன் பொண்டாட்டி "உள்ள வா யக்கா"ன்னு கூப்பிட்டா. உள்ள போனா, சுவத்துல தசரதன் அம்மா முனியம்மா. பச்சைப் பட்டு. தங்க வளையல். நாற்காலி. நம்ம அம்மா உக்காந்திருக்கற அதே உக்காரல்!

அந்த இடது கையப் பார்த்தேன். சுண்டு விரல் கொஞ்சம் கோணல். ஊட்டுக்கு ஓடி வந்து அம்மா படத்தப் பார்த்தேன். இங்கயும் சுண்டு விரல் கோணல்.

அப்புறம் நான் எந்தக் கோலத்தப் பார்க்கப் போறேன்? ஊடு ஊடா ஏறினேன். "ஆயா படத்த ஒண்ணு எடுத்துக்கட்டுமா, வகுப்புக்கு"ன்னு கேட்டேன். "தாராளமா எடு"ன்னாங்க. நம்ம தெரு, பின் தெரு, பால் டிப்போ சந்து. நம்ம ஊட்டோட சேர்த்து பதினொரு ஊடு, கமலம். பதினொரு கிழவிங்க. பதினொரு பேருக்கும் ஒரே பட்டு, ஒரே வளையல், ஒரே கோணச் சுண்டு விரல். முனியம்மாவுக்கு ஒரு கை சூம்பிப் போயிருக்கும், ஞாபகம் இருக்குதா? படத்துல ரெண்டு கையும் கொழுகொழுன்னு கீது. எல்லாம் அந்த ஒரே ஸ்டுடியோ. பஸ் ஸ்டாப்புல கோவிந்தராஜ் வெச்சிருக்கற ஸ்டுடியோ.

வகுப்புல பதினொண்ணையும் பெரிய திரையில வரிசையாப் போட்டாங்க. உதயகுமார் எழுந்து நின்னு, "பாட்டி, எங்க ஆச்சி படத்தையும் நான் ஊருக்குப் போய்ப் பார்க்கணும்"னான். டீச்சர், "எல்லம்மா அம்மா, கண்காட்சிக்கு நீங்க வேற எதுவும் எடுக்க வேணாம். இதுதான்"னுச்சு.

நீ இன்னா சொல்ற? சீக்கிரம் எழுது.

எல்லம்மா


ஆண்டர்சன்பேட்டை
24.8.2025

அக்காவுக்கு,

பதில் லேட்டாகிப் போச்சு, திட்டாத. பாபு கூட பெங்களூரு வரைக்கும் போயிருந்தோம். சும்மா தான். ஒரு வாரம் தங்கிட்டோம்.

நீ எழுதினத நாலு வாட்டி படிச்சேன். முதல்ல சிரிப்பா வந்துச்சு, அப்புறம் வரல. பதினொரு பொம்பளைங்க, ஆளுக்கொரு பாடு பட்டவங்க. ஒருத்தி நாத்து நட்டா, ஒருத்தி சூளையில கல் அறுத்தா, ஒருத்தி மீன் வித்தா. செத்தப்புறம் எல்லாருக்கும் ஒரே கையக் குடுத்து உக்கார வெச்சிட்டாங்களா?

பாபு என் ஆதார் கார்ட எடுத்துகினு போய் பத்து காப்பி போட்டு வந்தான். ஏதோ இன்சூரன்சுக்காம். அதுல நான் கோழி திருடி மாட்டினவளாட்டம் இருக்கேன். நான் போனா அந்த மூஞ்சியத் தான் வெட்டி ஒட்டுவானுங்க, இல்ல? எனக்கும் பச்சைப் பட்டு தான். பன்னெண்டாவது ஆளு நான்.

ஒரு சந்தேகம். முடி இல்லாத தலைய எடுத்தா உன் கேமராவுல பளபளன்னு அடிக்குமா? பக்கத்து ஊட்டுப் பெரியவருக்காகக் கேக்கறேன்.

ரவி எப்படி இருக்கறான்? அவன கோவிச்சிக்காத. நான் நல்லா இருக்கேன்.

கமலம்


மேனாம்பேடு
8.9.2025

கமலத்துக்கு,

உன் கடுதாசி வர்றதுக்குள்ள எனக்கு ரெண்டு பாடம் முடிஞ்சு போச்சு. பெங்களூருல இன்னா பார்த்தீங்க? ஒண்ணும் எழுதல நீ. எனக்கு ஒரு துணிப்பை கூட வாங்கல போல.

உன் பக்கத்து ஊட்டுப் பெரியவருக்கு இதச் சொல்லு. நேரா லைட் அடிச்சா தான் தலை பளபளக்கும். ஜன்னல் பக்கத்துல உக்கார வெச்சு, ஒரு பக்கமா வெளிச்சம் விட்டா அழகா விழும். கறுப்பா இருக்கறவங்களுக்கும் அதே தான். டீச்சர் சொல்லிக் குடுத்துச்சு. ஜன்னல வெச்சே நான் இப்ப ஆளு ஆளா எடுக்கறேன்.

கோவிந்தராஜ் கடைக்குப் போனேன். ரவி கூட ஒண்ணாப் படிச்சவன் தான அவன். "வாம்மா, பாஸ்போர்ட் சைசா?"ன்னான். பதினொரு படத்தையும் மேசை மேல வரிசையா வெச்சேன். அவன் மூஞ்சி வெளுத்துப் போச்சு. ஆனா வாய் இருக்குதே.

"யம்மா, நான் இன்னா பண்றது? கருமாதிக்கு மொத நாளு ஓடி வர்றானுங்க. கையில ஓட்டு கார்டு, இல்லாட்டி ஆதாரு. 'பெருசா வேணும், அம்மா லட்சணமா இருக்கணும்'கறானுங்க. கழுத்துக்குக் கீழ எவனாவது குடுத்திருக்கானா? உசுரோட இருந்தப்ப ஒரு போட்டோ எடுக்க எவனாவது கூட்டிகினு வந்தானா? நான் ஒட்டிக் குடுக்கறேன். ஆம்பளைக்கு ஒரு கோட்டு, பொம்பளைக்கு ஒரு பட்டு. இதுவரைக்கும் ஒருத்தன் திருப்பிக் கேட்டதில்ல. நீ தான் மொத ஆளு."

அவன் சொன்னது பொய் இல்ல, கமலம். நாமளும் தான் கேக்கல.

"அந்தப் பட்டுக்காரி யாருடா?"ன்னு கேட்டேன். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிகினான். "அது ஏதோ பழைய ஸ்டாக்கும்மா."

சாயங்காலம் ரவிக்குச் சேதி போயிடுச்சு. "யம்மா, அவன் பொழப்பக் கெடுக்காத. கண்காட்சியும் வேணாம், ஒண்ணும் வேணாம். அம்பத்தூர் பூரா நம்மளப் பார்த்து சிரிக்கும்"னான்.

"சிரிக்கட்டும். உங்க ஆயா கைய எங்கடா காணோம்னு யாராவது சிரிச்சிகினே கேட்டா, பதில் சொல்ல உன்கிட்ட இன்னா இருக்குது?"

"செத்துப் போனவங்களுக்குக் கை இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா?"

"அந்தக் கை தான்டா உனக்குச் சோறு ஊட்டிச்சு."

ரெண்டு நாளா என்கிட்ட பேசல. பேசாட்டி போறான். நவம்பர் ஒம்போதாம் தேதி கண்காட்சி. மாட்டத் தான் போறேன்.

அது சரி, உன் எழுத்து ஏன் சாஞ்சு சாஞ்சு கீது?

எல்லம்மா


ஆண்டர்சன்பேட்டை
12.10.2025

அக்காவுக்கு,

படுத்துகினே எழுதறேன், அதான் எழுத்து சாயுது. சோம்பேறித்தனம். பேனா மையும் தீர்ந்து போச்சு, இது பேரப்பிள்ளையோட பென்சில்.

நிறைய எழுத முடியல. ஒண்ணு மட்டும் சொல்றேன். மாட்டு. ரவி பேசலன்னாலும் மாட்டு, தெருவே எதிர்த்தாலும் மாட்டு. நம்ம அம்மாவ மொதல்ல மாட்டு, அப்ப எவனும் "எங்க அம்மாவ மட்டும் ஏன்"னு கேக்க முடியாது.

சர்ட்டிபிகேட்ட வாங்கிட்டு எழுது. அதுக்கு முன்னாடி எந்த வேலைக்கும் வகுப்ப விட்டுட்டுப் போவாத. எந்த வேலைக்கும்.

கமலம்


மேனாம்பேடு
23.10.2025

கமலத்துக்கு,

தீபாவளி முடிஞ்சு போச்சு. உனக்கு எடுத்த புடவைய பார்சல்ல போட்டேன், வந்துச்சா? உனக்கு இன்னா தான் ஆச்சு? எட்டு வரி எழுதியிருக்கற. நீ எட்டு வரியில ஒரு கடுதாசிய முடிக்கற ஆளா?

இங்க நடந்ததக் கேளு. நம்ம ஊடு போக மீதி பத்து ஊட்டுக்கும் பிரிண்ட எடுத்துகினு திரும்பப் போனேன். வகுப்புக்குன்னு தான அன்னிக்கு எடுத்தேன், ஊர் பார்க்க மாட்டறதுன்னா கேக்கணும் இல்ல? பொம்பளைங்க படத்தப் பார்த்தாங்க, விரலப் பார்த்தாங்க, உக்காந்துட்டாங்க. பால் டிப்போ சந்து ரேகா, "எங்க அம்மாவுக்கு வலது கையில தீப்புண்ணு தழும்பு இருக்கும் பெரீம்மா. அத மறந்தே போயிட்டேன்"னு அழுதா. "மாட்டு"ன்னா. ஒம்போது ஊடு சரின்னுச்சு.

தசரதன் தான் தெருவுல நின்னு கத்தினான். "எங்க அம்மாவ சந்தியில நிறுத்தப் பார்க்கறியா?"

"உங்க அம்மாவ எங்கடா நிறுத்தறேன்? தலைய மட்டும் தான் நிறுத்தறேன். மீதி எங்கன்னு தான் கேக்கறேன்."

"என் அம்மா படத்த எடுத்துடு. எடுக்காட்டி நடக்கறதே வேற."

எடுத்துட்டேன். வேணாம்னு சொல்றவன் அம்மாவ மாட்டறது நியாயம் இல்ல. ஆனா பிரேம எடுக்கல. வெத்து பிரேம மாட்டி, கீழ 'முனியம்மா'ன்னு எழுதி வைக்கப் போறேன்.

தீபாவளிக்கு மறுநாள் கோவிந்தராஜ் பொண்டாட்டி ராணி வந்தா. சண்டைக்குத் தான் வர்றான்னு நெனச்சு, புடவைய இழுத்துச் செருவிகினு நின்னேன். "காபி குடு பெரீம்மா"ன்னு உக்காந்துட்டா. குடுத்தேன். டம்ளரப் பிடிச்சா பாரு, இடது கை சுண்டு விரல் கோணல்.

டம்ளரோட அந்தக் கையப் பிடிச்சிகினேன்.

"சின்ன வயசுல கெணத்துக் கயித்துல மாட்டி ஒடைஞ்சுச்சு"ன்னா. "கண்ணாலம் ஆன மூணாம் மாசம். எங்க அம்மா குடுத்த பச்சைப் பட்டு. அவரு ஆசையா உக்கார வெச்சு எடுத்தாரு. கடையில மாட்டி வெச்சிருந்தாரு. அப்புறம் ஒரு அவசரத்துக்கு என் தலைய எடுத்துட்டு ஒரு ஆயா தலைய வெச்சாரு. நல்லாப் பொருந்திச்சாம். அதுல இருந்து நிறுத்தல. எந்த ஊட்டுக்குப் பத்திரிகை வெக்கப் போனாலும், சுவத்துல நான் மாலை போட்டுகினு உக்காந்துகினு கீறேன் பெரீம்மா. எனக்கு முன்னாடி கற்பூரம் காட்டறாங்க. நான் சோபாவுல உக்காந்து காராசேவு தின்றேன்."

சொல்லிட்டு சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல.

"என் தலையோட இருந்த அந்த ஒரிஜினலு எங்கன்னு கேட்டேன். அழிஞ்சு போச்சாம். பெரீம்மா, பன்னெண்டாவதா என்ன மாட்டு."

மறுநாள் காலையில அதே கடை, அதே நாற்காலி. அந்தப் பட்ட பெட்டியில இருந்து எடுத்துகினு வந்திருந்தா. ஜாக்கெட்டு ஏறல. வேற ஜாக்கெட் போட்டுகினு உக்காந்தா. கதவத் திறந்து ஒரு பக்கமா வெளிச்சம் விட்டேன், பத்தல. "டேய், அந்த லைட்டப் பிடி"ன்னேன். கோவிந்தராஜ் பிடிச்சான். நான் பட்டன அமுக்கறதுக்குள்ள ராணி அவனப் பார்த்து, "நல்லாப் பிடிய்யா, இந்த வாட்டி தலையும் விழணும்"னா.

உன் பதிலுக்குக் காத்துகினு இருக்கேன். எட்டு வரி செல்லாது.

எல்லம்மா


மேனாம்பேடு
11.11.2025

கமலத்துக்கு,

நான் எழுதி பத்தொம்போது நாளாச்சு, நீ பதில் போடல. அதனால நானே எழுதறேன், ஸ்பீடு போஸ்டுல போடறேன், எனக்கு முன்னாடி இது வந்து சேரணும்.

கண்காட்சி நடந்துச்சு. நீ சொன்ன மாதிரி அம்மாவ மொதல்ல மாட்டினேன். படத்துக்கெல்லாம் ஒரு தலைப்பு வேணும்னுச்சு டீச்சர். 'கழுத்துக்குக் கீழே'ன்னு என் கையெழுத்துலயே எழுதி ஒட்டினேன். மேனாம்பேட்டுல இருந்து அவ்ளோ பேரு வருவாங்கன்னு நான் நெனைக்கல. தசரதனும் வந்தான். வெத்து பிரேம் முன்னாடி ரொம்ப நேரம் நின்னான்.

"எங்க அம்மா எங்க?"ன்னான்.

"நீ தான எடுக்கச் சொன்ன?"

விறுவிறுன்னு வெளிய போனான். அரை மணி நேரத்துல பைக்ல திரும்பி வந்தான். முனியம்மா படத்தக் கண்ணாடியோட, காய்ஞ்ச மாலையோட கக்கத்துல வெச்சிகினு வந்து, அவனே ஆணியில மாட்டினான். "மாலைய எடுத்துடவா யக்கா?"ன்னு கேட்டான். "இருக்கட்டும்"னேன்.

கடைசியில ராணி. சொந்தத் தலை, சொந்தச் சிரிப்பு. அவ பதினொரு படத்தையும் தாண்டி வந்து தன் படத்துப் பக்கத்துல நின்னா. ஜனங்க அவ விரலப் பார்த்தாங்க, சுவத்தப் பார்த்தாங்க. கோவிந்தராஜ் கடையில இப்ப ஒரு போர்டு வெச்சிருக்கான். பெரியவங்கள உயிரோட கூட்டிகினு வாங்கன்னு. ரெண்டு நாளா கிழவிங்க வரிசையா நிக்கறாங்க. ஒருத்தி கத்தரிக்கா கூடையோட தான் எடுத்துக்குவேன்னு அடம் பிடிக்கறாளாம்.

ரவி கடைசி ஆளா வந்தான். அவன் ஆயா படத்து முன்னாடி நின்னான். அந்த வழவழக் கையத் தொட்டான். "இங்க தேளு இருக்கும் இல்ல யம்மா?"ன்னான். அவ்ளோ தான். வர்ற வழியில எனக்கு இளநீ வாங்கிக் குடுத்தான்.

சர்ட்டிபிகேட் வாங்கிட்டேன். உன் நிபந்தனை முடிஞ்சு போச்சு. இப்ப என் கணக்குக்கு வா.

நான் அஞ்சாவது தான் படிச்சேன், ஆனா படிக்கத் தெரிஞ்சவ. நேத்து உன் கடுதாசி எல்லாத்தையும் எடுத்து வரிசையா வெச்சேன், டீச்சர் படங்கள வைக்கச் சொல்ற மாதிரி. வெயில்னு எழுதியிருக்கற. ஆனி மாசத்துல கோலார்ல ஏதுடி வெயில்? சும்மா பெங்களூருல எவ ஒரு வாரம் தங்குவா? உன் பக்கத்து ஊட்ல பெரியவரே கிடையாது, அந்த ஊடு பூட்டிக் கிடக்குதுன்னு நீயே போன வருசம் எழுதின. முடி இல்லாத தலை. ஆதார் பத்து காப்பி. படுத்துகினு பென்சில்ல எழுதறது. ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருது, கமலம்.

பாபுவுக்கு போன் போட்டேன். அவன் அழுதான். நான் திட்டல.

சனிக்கிழமை காலையில ரயில் ஏறறேன். பங்காருப்பேட்டை ஸ்டேஷனுக்கு பாபு வர்றேன்னான். டீச்சர் தன்னோட கேமராவக் குடுத்துச்சு. நீ எனக்காக எதையும் கட்டிக்காத, எதையும் மறைக்காத. ஜன்னல் கதவ மட்டும் திறந்து வை.

உன் அக்கா
எல்லம்மா


ஆண்டர்சன்பேட்டை
4.12.2025

எல்லம்மா அக்காவுக்குக் கமலம் எழுதறது.

பேனாவுலயே எழுதறேன், பாரு. உக்காந்துகினு தான் எழுதறேன். நீ பத்திரமாப் போய்ச் சேர்ந்ததும், உன் முட்டி ரயில்ல வீங்கினதும் ரவி பாபுகிட்ட சொன்னானாம். தைலம்.

நீ இருந்த நாலு நாளும் கேக்கல, நானும் சொல்லல. இப்ப எழுதறேன். வயித்துல கட்டி. அஞ்சு ஊசி ஆச்சு, இன்னும் ஒண்ணு இருக்குது. அப்புறம் பார்க்கலாம்னு டாக்டர் சொல்றாரு. என் காதுல எதுவும் விழாததால, பாபு மூஞ்சிய வெச்சுத் தான் நல்லதா கெட்டதான்னு படிக்கறேன். ஏன் சொல்லலன்னு நீ கேக்க மாட்ட, எனக்குத் தெரியும். சொல்லியிருந்தா நீ அன்னிக்கே வகுப்ப விட்டுட்டு ஓடி வந்திருப்ப. நீ அஞ்சாவது படிக்கறப்ப நான் பொறந்தேன்னு தான உன்னப் பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்தினாங்க, என்னத் தூக்கி வெச்சிக்க. ரெண்டாவது வாட்டியும் என்னால நிக்கணுமா?

படம் வந்துச்சு. பாபு கவரப் பிரிச்சிட்டு அப்படியே நின்னான். "யம்மா, தலையில துணி கட்டிகினு ஒண்ணு எடுத்திருக்கலாம் இல்ல? நைட்டியோட இருக்கற. தோள்ல துண்டு வேற. பல்லு ஒண்ணு காணோம். இத எப்படி மாட்டறது?" பக்கத்துல நின்னா அவன் உதடு எனக்குப் பழக்கம், பார்த்தே எல்லாம் புரிஞ்சுகினேன். மருமக ஓடிப் போய் என் கல்யாணப் பட்ட எடுத்துகினு வந்தா, திரும்ப ஒண்ணு எடுக்கலாம்னு. பட்ட மடிச்சு அவ கையிலயே குடுத்தேன். "நீ கட்டிகினு எடுத்துக்கோ, தலையோட எடுக்கச் சொல்லு"ன்னேன்.

அப்புறம் நானே ஸ்டூல் போட்டு ஏறினேன். பாபு கத்தியிருப்பான், எனக்குக் கேக்கல. வாசல்ல நுழைஞ்சா நேராத் தெரியற சுவத்துல மாட்டிட்டேன். எதிர் ஊட்டு அம்மா வந்து பார்த்துட்டுக் கன்னத்துல போட்டுகினா. உசுரோட இருக்கறவங்க படத்த இப்படி மாட்டினா ஆயுசு குறையும்னு எழுதியே காட்டினா. "இருக்கறதுல தான குறையும்? அதுவரைக்கும் நானே பார்த்துக்கறேன்"னேன். இப்ப என்னப் பார்க்க வர்றவங்க, மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு வாசப்படி ஏறறாங்க. சுவத்துல மொட்டைத் தலையோட நான் சிரிச்சிகினு இருக்கறதப் பார்க்கறாங்க. அதுக்குக் கீழயே நான் உக்காந்து டீ குடிச்சிகினு இருக்கேன். பாதிப் பேருக்குத் துக்கம் விசாரிக்கறதே மறந்து போயிடுது.

நீ சொன்ன மாதிரி ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமா விழுந்திருக்குது. தலை பளபளக்கல. ஊசி போட்ட கை கறுத்துப் போனது தெளிவாத் தெரியுது. என் கை தான், எனக்கு நல்லாத் தெரியும்.

மாட்டறதுக்கு முன்னாடி படத்தத் திருப்பி, பின்னாடி அட்டையில பேனாவால எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டிருக்கேன். எவனும் நாளைக்கு எடுத்துகினு ஸ்டுடியோவுக்கு ஓடக் கூடாது இல்ல?

இன்னா எழுதியிருக்கேன்னா: "இது கமலம். கழுத்துக்குக் கீழயும் கமலம்."